குதிரை முட்டைக் கதை சொன்ன சாமியார்



ஏழாயிரம்பண்ணையில் பஸ் ஏறிக் கோவில்பட்டிப் பக்கம் போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. அடுத்த முறை ஜன்னலோரம் இடம் கிடைத்தால், கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு வெளியே பாருங்கள். பட்டாசு ஆலைகளின் சின்னச் சின்ன அறைகளையும் தீப்பெட்டி ஆபீஸ் போர்டுகளையும் மனசுக்குள் அழித்துவிடுங்கள். தார் ரோட்டையும் அழித்துவிடுங்கள். மிச்சம் இருப்பது கரிசல் காடு, சீமைக்கருவேலம் வருவதற்கு முந்தைய வெட்டவெளி, தூரத்தில் ஒரு கண்மாய்க் கரை, கரைமேல் ஐயனாரின் மண்குதிரை. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்த வட்டாரத்தில் காவி உடுத்திய ஒரு வெள்ளைக்காரச் சாமியார் இருந்தார். பரமார்த்த குரு கதையை எழுதியவர் அவர்தான்.

பெயர் சொன்னால் உடனே தெரிந்துவிடும்: வீரமாமுனிவர். பள்ளிக்கூடத்தில் இவரைப் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி எழுதாதவர் யார்? தேம்பாவணி, சதுரகராதி, தொன்னூல் விளக்கம், எழுத்துச் சீர்திருத்தம் என்று நான்கு வரி எழுதி மறந்திருப்போம். நானும் அப்படித்தான். ஆனால் நம் வீட்டுப் பாட்டிகளிடம் தேம்பாவணியில் ஒரு பாட்டுக் கேட்டுப் பாருங்கள், வராது. குதிரை முட்டைக் கதை கேளுங்கள், சமையலறையிலிருந்தபடியே சொல்லிவிடுவார்கள். எழுதியவர் யார் என்றே தெரியாமல் சொல்வார்கள்.

இத்தாலியில் மாந்துவா நகருக்குப் பக்கத்தில் காஸ்டிக்ளியோனே என்ற சிற்றூர். நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் ஞானப்பிரகாசியார் என்று கும்பிடுகிற அலோசியஸ் பிறந்த ஊரும் அதுதான். அங்கே 1680 நவம்பர் 8ஆம் தேதி பிறந்தவர் கான்ஸ்டன்சோ ஜோசப் பெஸ்கி. 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் கோவாவில் கப்பல் இறங்கி, அடுத்த வருஷம் தமிழ்நாட்டுக்குள் வந்தார். அப்போது வயது முப்பது. ஒரு எழுத்துகூடத் தெரியாத மொழியில் அரிச்சுவடி தொடங்க அது தாமதமான வயதுதான். நம் குடியிருப்பில் முப்பது வயதில் இந்தி கற்க ஆரம்பித்து மூன்றாம் பாடத்தில் நிறுத்தியவர்கள் கை தூக்கலாம்.

அவர் வந்தபோது மதுரையில் விஜயரங்க சொக்கநாத நாயக்கர் ஆட்சி. பேருக்குத்தான் மதுரை. நம் பக்கம் எல்லாம் பாளையக்காரர் கையில். ஏழாயிரம்பண்ணை ஒரு பாளையம், எட்டயபுரம் ஒரு பாளையம். ஓர் ஊரில் மரியாதையோடு வரவேற்பார்கள். அடுத்த ஊரில் எல்லைக்கு உள்ளேயே விடமாட்டார்கள். இந்தச் சூழலில் கோவில்பட்டி வட்டத்தில் இருக்கிற காமநாயக்கன்பட்டியில் அவர் தொடக்க ஆண்டுகளில் தங்கிப் பணி செய்தார். ஆகஸ்ட் 15 பரலோக மாதா திருவிழாவுக்கு இன்றும் நம் பக்கத்திலிருந்து சாதி மதம் பார்க்காமல் வண்டி கட்டிப் போவார்களே, அதே காமநாயக்கன்பட்டிதான்.

மதுரை மிஷன் சாமியார்கள் கோட்டும் தொப்பியுமாக வந்தவர்கள் அல்ல. நம் நாட்டுத் துறவிகளைப் போலக் காவி உடுத்தி, புலால் விட்டு வாழ்ந்தார்கள். பெஸ்கியும் அப்படியே. கான்ஸ்டன்சோ என்ற பெயருக்கு உறுதி உள்ளவர் என்று பொருள் வரும். அதைத் தமிழாக்கித் தைரியநாதர் என்று வைத்துக்கொண்டார். வீரமாமுனிவர் என்பது பின்னால் நிலைத்த பெயர்.

தைரியம் அவருக்குத் தேவையாகத்தான் இருந்தது. 1714-15 வாக்கில் மிஷனுக்கு எதிராகக் கலகம் கிளம்பியது. பெஸ்கி பிடிபட்டார், விசாரணை மரண தண்டனை வரை போய் மயிரிழையில் தப்பினார். வந்து நான்கு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. வேறு ஒருவராக இருந்தால் அடுத்த கப்பலைப் பிடித்திருப்பார். இவர் பண்டிதர்களைத் தேடிப் பிடித்து இலக்கணம் படிக்க உட்கார்ந்தார். சுப்பிரதீபக் கவிராயரிடம் பாடம் கேட்டார் என்பார்கள்.

பிறகு அவர் வடக்கே போய், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சியில் நெடுங்காலம் இருந்தார். பாடப்புத்தகத்தில் வருகிற பெரிய நூல்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தவை. தேம்பாவணி 3 காண்டம், 36 படலம், 3615 பாட்டு. இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் கதையைச் சீவகசிந்தாமணியும் கம்பராமாயணமும் ஊறிப்போன தமிழில் பாடியிருக்கிறார். யூதேயா நாட்டில்கூட நம் நெல் விளைகிறது, நம் மழை பெய்கிறது. திருக்குறளில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் தந்தார். இன்பத்துப்பாலைத் தொடவில்லை. துறவி, விட்டுவிடுவோம்.

எழுத்துச் சீர்திருத்தத்தை மட்டும் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள், ஏனென்றால் இந்தச் செய்திமடலை நீங்கள் படிப்பதே அதனால்தான். அந்தக் காலத்தில் எகர ஒகரக் குறிலுக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும், நெடிலுக்குப் புள்ளி கிடையாது. ஓலையில் எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை கிழியும். அதனால் பலரும் புள்ளியை விட்டுவிடுவார்கள். அப்புறம் செடியா சேடியா, கொடியா கோடியா என்பது படிக்கிறவர் தலையெழுத்து. இவர் புள்ளியை எடுத்துவிட்டு, நெடிலுக்குக் கொம்பை மேலே சுழித்தும், ஏ ஓ எழுத்துகளுக்கு ஓர் இழுப்பும் சுழியும் சேர்த்தும் வேறுபடுத்தினார். சதுரகராதியும் (1732) அதே போல் ஒரு வேலைதான். அதுவரை சொல்லுக்குப் பொருள் வேண்டும் என்றால் நிகண்டைச் செய்யுளாக மனப்பாடம் செய்திருக்க வேண்டும். இவர் அகர வரிசையில் அடுக்கிவிட்டார். தெரியாதவன் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தானே தெரியாதவனாக இருந்து தடுமாறியவருக்குத்தான் இது தோன்றும் என்று நினைக்கிறேன்.

இனி பரமார்த்த குருவுக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

செந்தமிழ் படித்தவர், தெருவில் பேசுகிற தமிழையும் விடவில்லை. அதைக் கொடுந்தமிழ் என்பார்கள். அதற்கென்று இலத்தீனில் தனி இலக்கணமே எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சானது. தரங்கம்பாடிக்காரர்கள் லுத்தரன் சபையார், இவருக்கும் அவர்களுக்கும் ஏடுகளில் கடும் சண்டை. ஆனாலும் எதிரியின் இலக்கணப் புத்தகத்தை அவர்களே அச்சிட்டார்கள், அவ்வளவு தேவைப்பட்டது. புதிதாக வரும் பாதிரியார்களுக்கு இலக்கணமும் அகராதியும் மட்டும் போதாது, படித்துப் பழகக் கதை வேண்டுமே. அதற்காகத் தமிழ்-இலத்தீன் அகராதியோடு பின்னிணைப்பாக அவர் எழுதிச் சேர்த்ததுதான் பரமார்த்த குரு கதை. அதாவது, இது ஒரு வீட்டுப்பாடம்.

குருவுக்கு ஐந்து சீடர்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஊர் ஊராகப் போய் அடியார்களைப் பார்த்துவிட்டு மடத்துக்குத் திரும்பும் வழியில் ஓர் ஆறு குறுக்கிடுகிறது. அந்த ஆறு பொல்லாதது, விழித்திருக்கும்போது இறங்கினால் ஆளை விழுங்கிவிடும் என்று குருவுக்குப் பயம். தூங்குகிறதா என்று பார்க்க ஒரு சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான். சுறீர் என்று சத்தமும் புகையும். ஆறு முழித்திருக்கிறது என்று தலைதெறிக்க ஓடி வருகிறான். நெடுநேரம் காத்திருந்துவிட்டு, அணைந்துபோன அதே கட்டையை மறுபடி வைக்கிறார்கள். சத்தமே இல்லை, ஆறு தூங்கிவிட்டதாம். அடிமேல் அடி வைத்துக் கடக்கிறார்கள். அக்கரையில் எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர்தான். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். போனது யார் என்று தெரியாமலே ஆற்றைத் திட்டி ஒப்பாரி வைக்கிறார்கள். வழியே போன ஒருவன் காசு வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு அடி போட்டு, அடி வாங்கியவன் தன் பெயரைச் சொல்லச் சொல்லி எண்ணிக்கையைச் சரிசெய்கிறான். தொலையாத ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்ததற்குக் கூலி!

இந்தக் கூத்துக்கு நடுவில் ஒரு குதிரைக்காரன் ஆற்றை அநாயாசமாகக் கடந்து போனதைப் பார்த்திருந்தார்களா, ஆக குருவுக்கு ஒரு குதிரை வேண்டும். விலை கட்டுப்படியாகவில்லை. தோட்டத்தில் கிடக்கிற பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று ஒருவன் தலையில் கட்டுகிறான். தூக்கி வரும் வழியில் அது விழுந்து உடைகிறது. அந்தப் புதரிலிருந்து மிரண்டு ஓடிய முயலை, பிறந்தவுடனே இவ்வளவு வேகமா என்று வாயைப் பிளந்தபடி துரத்துகிறார்கள்.

அடுத்த பயணத்துக்கு ஒரு மாட்டை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். மரமே இல்லாத வெட்டவெளி, உச்சி வெயில். வயதான குரு மயங்கிவிடுகிறார். மாட்டை நிறுத்தி, அதன் நிழலில் அவரைக் கிடத்தி விசிறுகிறார்கள். மாட்டுக்காரன் சும்மா இருப்பானா? ஏறிப் போகத்தானே மாட்டை வாடகைக்கு விட்டேன், நிழலுக்குத் தனி வாடகை எடு என்கிறான். வழக்கு ஊர்ப் பெரியவரிடம் போகிறது. நிழலுக்குக் கூலி காசின் ஓசைதான் என்று பணப்பையைக் காதருகே குலுக்கித் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். சித்திரை மாதத்தில் நம் பக்கம் ரோட்டோரம் பஸ்ஸுக்கு நின்று, மின்கம்பத்தின் நிழலில் ஒண்டியவர்களுக்கு இந்தக் கதை எந்த நிலத்தில் பிறந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கொள்ளிடக் கரையில் உட்கார்ந்து எழுதியிருக்கலாம், ஆனால் அந்த வெயில் கரிசல் வெயில் என்றே எனக்குத் தோன்றுகிறது. நம் ஊர்ப் பாசம் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன்.

கண்மாயில் தெரிகிற குதிரைக்குத் தூண்டில் போடுகிற கதையும் அப்படியே. கரையில் நிற்பது ஐயனாரின் மண்குதிரை. தண்ணீரில் அதன் நிழலைப் பார்த்துவிட்டு உள்ளே நிஜக் குதிரை நிற்கிறது என்று, குருவின் தலைப்பாகையைக் கயிறாக்கி, அரிவாளைக் கொக்கியாக்கி, சோற்று மூட்டையை இரையாகக் கட்டி வீசுகிறார்கள். இத்தாலியில் ஐயனார் இல்லை. கண்ணால் பார்க்காமல் இதை எழுதியிருக்க முடியாது.

கடைசியில் யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த ஒரு கிழட்டு நொண்டிக் குதிரை கிடைக்கிறது. அதில் போகும்போது குருவின் தலைப்பாகை கிளையில் மாட்டிக் கீழே விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர்கள் அப்படியே விட்டு வருகிறார்கள். விழுந்ததையெல்லாம் எடுக்க வேண்டாமா என்று குரு கோபித்தவுடன், ஒருவன் ஓடிப்போய்க் குதிரை போட்ட சாணத்தைத் தலைப்பாகையில் ஏந்தி வருகிறான். அப்புறம் எதை எதை எடுக்க வேண்டும் என்று ஓலையில் பட்டியல். சிறிது தூரத்தில் குதிரை இடறி, குரு குழிக்குள் விழுகிறார். சீடர்கள் பட்டியலை வரிசையாகப் படிக்கிறார்கள். தலைப்பாகை உண்டு, வேட்டி உண்டு, எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொள்கிறார்கள். குரு பட்டியலில் இல்லை. அவரைத் தூக்க வேண்டும் என்று அவர் கையாலேயே எழுதித் தந்த பிறகுதான் தூக்குகிறார்கள்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் சங்கத்தின் விதிமுறைத் தாள் ஞாபகத்துக்கு வருகிறது. செயலாளர் மன்னிக்க வேண்டும்.

இந்தக் கதைகள் முழுக்க அவர் மூளையில் உதித்தவை அல்ல. தன்னை விட்டு எண்ணுகிற முட்டாள்கள் பல நாட்டுக் கதைகளில் உண்டு. நிழலுக்கு வாடகை கேட்கிறவனும் பழைய ஆள்தான். நம் திண்ணைகளில் கேட்டதும் அவர் நாட்டில் கேட்டதும் கலந்திருக்கும். அவற்றை ஒரே குருவின் வழிநடைப் பயணமாகக் கோத்து, சாகிறவரை கொண்டுபோனது அவர் வேலை.

இதில் ஒரு கேள்வி பலருக்கு உறுத்தும், உறுத்தவும் வேண்டும். வெளிநாட்டுப் பாதிரியார் ஒருவர் நம் நாட்டுக் குருக்களைக் கேலி செய்யத்தானே இதை எழுதினார்? அப்படிச் சொன்னவர்கள் உண்டு. மதம் மாற்ற வந்தவர்தான், சந்தேகமில்லை. மற்றவர் நம்பிக்கைகளைக் கண்டித்தும் எழுதியிருக்கிறார். ஆனால் இந்தக் கதையை மட்டும் நான் அப்படிப் படிக்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

காவி கட்டிக்கொண்டு, ஐந்தாறு சீடர்களோடு, ஊர் ஊராகப் போய் அடியார்களைப் பார்த்துவிட்டு ஆற்றையும் வெயிலையும் கடந்து திரும்புகிற குரு அந்தக் காலத்தில் இன்னொருவரும் இருந்தார். அவர் பெஸ்கிதான். மொழி சரியாகத் தெரியாத ஊரில் சாமியார் எங்கே போவது, யாரை நம்புவது என்பதெல்லாம் கூட வருகிற வேதியர்கள் கையில். வேதியர் என்றால் அவர் சபையில் உபதேசியார். அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று வேதியர் ஒழுக்கம் என்று ஓர் உரைநடை நூலே எழுதினார், 1727இல். சீடன் ஒருவன் சொன்னதைச் சொன்னபடி மட்டும் செய்தால், யோசிக்கவே மாட்டேன் என்றால், அல்லது குரு அவன் சொல்வதையெல்லாம் நம்பினால் என்ன ஆகும் என்பது மரண தண்டனை வரை போய்வந்தவருக்குத் தெரிந்திருக்கும். வேதியர் ஒழுக்கம் கண்டிப்பான முகம் என்றால், பரமார்த்த குரு அதையே சிரித்துக்கொண்டு சொல்கிற முகம். புதிதாக வரும் பாதிரியார், மொழியோடு சேர்த்துத் தன்னையும் பார்த்துச் சிரிக்கப் பழகட்டும் என்று நினைத்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

கதையின் முடிவும் அப்படித்தான் இருக்கிறது. உட்காரும் இடம் குளிர்ந்தால் சாவு வந்துவிட்டது என்று யாரோ சொன்னதைக் குரு நம்புகிறார், சீடர்களும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைதான் கடைசியில் அவர் உயிரைக் கொண்டுபோகிறது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நாம் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறோம்.

அவரது பின்வாழ்க்கையில் கதையும் நிஜமும் கலந்து கிடக்கின்றன. சந்தா சாகிபைச் சந்தித்தார், திவான் பதவி பெற்றார், பல்லக்கில் போனார் என்றெல்லாம் சொல்வார்கள். திவான் கதையை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. மதுரை நாயக்கர் ஆட்சி 1736இல் முடிந்து, 1741இல் திருச்சி மராட்டியர் கைக்குப் போய், நாடே கலங்கிக் கிடந்த வருஷங்கள் அவை. கடைசிக் காலத்தில் அவர் கேரளத்து அம்பலக்காட்டில் இயேசு சபையார் மடத்தில் இருந்தார். 1747 பிப்ரவரி 4ஆம் தேதி அங்கேயே இறந்தார். 66 வயது. இத்தாலிக்குத் திரும்பவே இல்லை.

பரமார்த்த குரு கதை அச்சானதை அவர் பார்க்கவில்லை. 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் என்பவர் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் வெளியிட்டார். அதே 1822இல்தான் சென்னைக் கல்விச் சங்கத்தைச் சேர்ந்த முத்துசாமிப் பிள்ளை, ஊர் ஊராகத் தேடி ஏடுகள் திரட்டிய அனுபவத்தோடு இவருடைய சரித்திரத்தைத் தமிழில் எழுதினார். 1826இல் பிரெஞ்சு மொழியில் அபே துபுவா கொண்டுவந்தார். அப்புறம் அந்த ஐந்து சீடர்களும் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

கோவில்பட்டி பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், பேச்சுவழக்குச் சொற்களைத் திரட்டி வட்டார வழக்குச் சொல்லகராதி உண்டாக்கினார், நாட்டுப்புறக் கதைகளைத் தேடி எழுதினார். அவருக்கு இருநூறு வருஷத்துக்கு முன்னால் இதே வட்டாரத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் பேச்சுத் தமிழுக்கு இலக்கணமும் கதையும் எழுதக் காதைத் தீட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். எட்டயபுரம், இடைசெவல், காமநாயக்கன்பட்டி மூன்றும் ஒரே நாளில் போய்வரக்கூடியவை. சென்னைக்குப் போகிறவர்கள் மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வைத்த அவர் சிலையையும் பார்க்கலாம்.

விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்குவதாக இருந்தால், மெல்லிய சிறுவர் பதிப்புகளில் கதைகளைக் குறைத்துவிடுவது உண்டு. பாபிங்டன் வெளியிட்டதில் மொத்தம் எட்டுக் கதை. எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.